இடது கிட்னியும் ஏ.சி. ரூம் வேலையும்

இதை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. வாடிப்பட்டிப் பக்கம் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் ஆள் வெளிநாட்டில் இருக்கிறது. அதில் ஒரு வீட்டுக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். முன்பின் மாறி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தொன்பது வாக்கில் நடந்தது. வளைகுடாவில் மூன்று வருஷம் போல இருந்துவிட்டு, இரண்டு மாச லீவில் பங்குனியில் வந்திருந்தேன். வந்த பதினோராம் நாள் காலையில் ஒன்றுக்குப் போனால் டிக்காஷன் நிறத்தில் வந்தது. அங்கேயும் அப்படிப் பல நாள் போயிருக்கிறது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் பார்த்தால் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. உட்கார்ந்தாலும் நின்றாலும் புரண்டாலும் விடவில்லை. வாந்தி வேறு.

நான் பிறந்ததிலிருந்தே பயந்தவன். தலை வலித்தால் மூளையில் கட்டி என்பேன், இருமினால் காசம் என்பேன். இப்படிப் பயந்து பழகியவனுக்கு நிஜமாக ஒன்று வந்தால் கொஞ்சம் தைரியம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. உள்ளூர் டாக்டர் வலிக்கு ஊசி போட்டுவிட்டு, "மதுரைக்குப் போயிருங்க, இன்னைக்கே" என்றார். அந்த "இன்னைக்கே"யை டாக்சியில் போகும் வழி நெடுக மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட வந்தது என் சம்சாரம் பஞ்சவர்ணமும் அவள் தம்பி கருப்பையாவும். கருப்பையா ரைஸ் மில்லில் வேலை பார்த்தவன். எங்கள் கம்பெனிக்கே அவனுக்கும் விசா வந்து, ஆனி மாசம் கிளம்ப இருந்தான். அந்த விசாவுக்குப் பேர் கொடுத்ததும் நான்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். கிட்னி பார்க்கிற டாக்டர் மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் நின்றபடி கேட்டார்.

"வெளிநாட்டுல என்ன வேலை பார்க்கிறீங்க?"

நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். என் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டோர்ல சார். ஏ.சி. ரூம்."

"வெயில்ல அலைச்சல் உண்டா?"

"இல்ல சார்."

"தண்ணி நல்லா குடிப்பீங்களா?"

"குடிப்பேன் சார்."

கேள்வி மூன்று, பொய் மூன்று. அவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

நிஜத்தில் எனக்குக் கம்பி கட்டுகிற வேலை. தளம் போடுவதற்கு முன்னால் இரும்புக் கம்பியைப் பரப்பிக் கட்டுக்கம்பியால் முறுக்கிக்கொண்டே போக வேண்டும். நிழல் என்று ஒன்று கிடையாது. காலை எட்டு மணிக்கே கம்பியைத் தொட்டால் கை பொசுங்கும், சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்போம். தண்ணீர் இரும்பு டிரம்மில் வரும். மத்தியானத்தில் அதை வாயில் வைக்க முடியாது, டீத்தூள் போட்டால் டீயாகிவிடும். குடித்தாலும் ஒன்றுக்குப் போக அரை மைல் நடந்து வர வேண்டும், ஃபோர்மேன் நேரத்தைக் குறித்து வைப்பான். அதனால் எல்லாருமே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். வேர்வையில் உப்புப் போகிறது என்று கம்பெனியே ஆளுக்கு உப்பு மாத்திரை கொடுக்கும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்கிற பயத்தில் நான் மற்றவர்கள் மாத்திரையையும் வாங்கிப் போட்டுக்கொள்வேன். தண்ணீர் இல்லாமல் உப்பைத் தின்றால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்தது ஆடி மாசம். பிளேன் கதவு திறந்ததும், நெல் அவிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி அடித்தது. எஞ்சினில் இருந்து வருகிற சூடு, இறங்கி நடந்தால் போய்விடும் என்று நினைத்தேன். அதுதான் அந்த ஊர்க் காற்று. முதல் வாரத்திலேயே எங்கள் அறையில் இருந்த ஒருத்தர் வேலையில் சுருண்டு விழுந்து, தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. பிழைத்து ஊருக்குப் போனாரா இல்லையா என்று எங்களுக்குச் சொல்லவும் இல்லை. அன்றைக்குத்தான் பஞ்சவர்ணத்துக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பார்த்ததை எழுதினால் அவள் தாங்க மாட்டாள். அதைவிட, எழுதிப் படித்துப் பார்த்தால் நானே தாங்க மாட்டேன். "எனக்கு ஸ்டோரில் ஏ.சி. ரூமில் வேலை, போர்வை கேட்கிறது" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் கொஞ்சம் குளிர்ந்த மாதிரிகூட இருந்தது.

நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள் என்று பிறகு தெரிந்தது. வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஆபீஸ் கிளார்க்கைப் பிடித்து, குளித்து வெள்ளைச் சட்டை போட்டு, அவர் நாற்காலியில் வரிசையாக ஒவ்வொருத்தராக உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வோம். பின்னால் ஏ.சி. பெட்டி தெரிய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுவோம். என் போட்டோவைப் பஞ்சவர்ணம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

கருப்பையா அதைப் பார்த்துத்தான் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டான். "மச்சான், உங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டாப் போதும்" என்று எழுதுவான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணத்தைச் சொன்னால் பொய் உடைந்துவிடும். அவன் பேரைக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஊர் சீதோஷ்ணம் உடம்பை மட்டும் படுத்தும் என்று நினைக்காதீர்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாசமும் கேம்ப்பில் சிரிப்புச் சத்தம் கேட்காது. காற்றில் ஈரம் ஏறிவிடும், சட்டை காயவே காயாது, ஃபேன் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்குக் கைகலப்பு நடக்கும். மீசை வைத்த ஆள் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்து அழுவான். இந்த வருஷத்தோடு போதும், ஊருக்குப் போய்க் கூழோ கஞ்சியோ குடிக்கலாம் என்று அந்த மூன்று மாசத்தில் சொல்லாதவன் கிடையாது. பிறகு கார்த்திகை பிறக்கும். வெயில் தணியும். மார்கழியில் ஸ்வெட்டர் போடுகிற குளிர். மட்டன் சமைப்போம், சீட்டாடுவோம். சரியாக அந்தக் குளிரில்தான் கம்பெனிக்காரன் மறு காண்டிராக்ட் பேப்பரைக் கொண்டுவருவான். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். நான் இரண்டு தடவை போட்டேன். ஆடியில் அழுதவனும் மார்கழியில் கையெழுத்துப் போட்டவனும் ஒரே ஆள்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்கள். கல் இருந்தால் எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரியுமாம். எதுவும் தெரியவில்லை. கல் இல்லை என்றதும் நான் சந்தோஷப்பட்டேன், டாக்டர் படவில்லை. அடுத்து "டை" கொடுத்து எடுக்கிற எக்ஸ்ரே. முந்தின சாயங்காலம் விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைக் காலி பண்ணிவிடுவார்கள். காலையில் வெறும் வயிற்றோடு இரும்பு மேஜையில் படுக்க வைத்துக் கையில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது ரத்தத்தோடு கிட்னிக்குப் போய், அங்கிருந்து ஒன்றுக்கோடு இறங்கும். இறங்குகிற பாதை முழுக்கப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மருந்து ஏறின உடனே உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவி, வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி வந்தது. எனக்கு அந்தப் பிளேன் கதவு ஞாபகம் வந்துவிட்டது, மேஜையிலிருந்து இறங்கப் பார்த்தேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே காரணம்தான் தெரிந்திருந்தது. குளிர் ரூமிலேயே மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திடீரென்று மதுரை வெயிலுக்கு வந்தால் கிட்னி எப்படித் தாங்கும் என்று கேட்டார்கள். சித்திரை பிறந்து வார்டு கொதித்துக்கொண்டிருந்தது, கரண்டு அடிக்கடி போகும். பஞ்சவர்ணம் எக்ஸ்ரே கவரால் எனக்கு விசிறிக்கொண்டே அவர்களுக்குத் தலையாட்டினாள். கருப்பையா தினமும் வாடிப்பட்டியிலிருந்து இளநீர் கொண்டுவருவான்.

"மச்சானுக்கு ஏ.சி. இல்லாம வேர்க்குதுக்கா. நான் போனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க வெளிய வந்து கொஞ்ச நேரம் வெயில் காஞ்சுட்டு உள்ள போயிருவேன்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நம்பாதவர் ஒருத்தர்தான், ஸ்டெல்லா சிஸ்டர். டிரிப் ஏற்றுவதற்குக் கையைப் பிடித்தவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பஞ்சவர்ணம் அப்போது பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போயிருந்தாள்.

"பேனா பிடிச்ச கையா அண்ணே இது?"

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"என் தம்பியும் அங்கதான் இருக்கான். அவனும் ஏ.சி. பக்கத்துல நின்னு போட்டோ அனுப்பினான். லீவுல வந்தப்ப முதுகுத் தோலு உரிஞ்சு கெடந்துச்சு. டாக்டர்ட்ட உள்ளதச் சொல்லுங்க. வீட்டுல சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரமெல்லாம் பஞ்சவர்ணம் பக்கத்தில் இருந்தாள். அவளை வெளியே அனுப்ப எனக்கு ஒரு சாக்குக்கூடத் தோன்றவில்லை. சாக்குத் தேடியது மாதிரி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது கிட்னி பூ மாதிரி வெள்ளையாக விரிந்திருந்தது. இடது கிட்னியில் அதே பூவின் நடுவில் கருப்பாக ஒரு ஓட்டை, பெரிய கொண்டைக்கடலை அளவு. மருந்து அந்த இடத்தில் நிரம்பவில்லை, ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். அது கட்டியாக இருக்கலாம். திறந்து பார்க்க வேண்டும், கட்டி என்றால் கிட்னியையே எடுக்க வேண்டியிருக்கும், தள்ளிப்போடுவது நல்லதில்லை, மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். எந்தக் கட்டி என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டதிலேயே தெரிந்தது.

சம்மதப் பேப்பரை ஸ்டெல்லா சிஸ்டர் கொண்டுவந்தார். நான் ஒரு கையெழுத்து, சம்சாரம் ஒரு கையெழுத்து. நான் போட்டுவிட்டேன். பஞ்சவர்ணம் பேனாவை வாங்கிக்கொண்டு, போடாமல் டாக்டரைப் பார்த்தாள். நாலு நாளாக அழாமல் இருந்தவள், அப்போதும் அழவில்லை.

"சார், ஒரு கிட்னியோட இவுக திரும்ப அந்த வேலைக்குப் போகலாமா?"

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து செய்யற வேலைதானே. ஆறு மாசம் கழிச்சுத் தாராளமா போகலாம். வெயில்ல நின்னு செய்யற வேலைன்னா நான் விட மாட்டேன், இருக்கற ஒண்ணும் போயிடும்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பேப்பரைக் கட்டில் சட்டத்தில் வைத்துக் கையெழுத்துப் போடக் குனிந்தாள். நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தக் கையெழுத்து என் கிட்னியையும் எடுக்கும், பிறகு என்னைத் திரும்ப அந்த வெயிலுக்கே அனுப்பியும் வைக்கும்.

"சார், நான் ஏ.சி. ரூம்ல இல்ல."

டாக்டர் நிமிர்ந்தார்.

"கம்பி கட்டுறேன் சார். வெட்டவெளில. மூணு வருஷமா."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. டிரம் தண்ணீர், ஒன்றுக்குப் போகிற தூரம், உப்பு மாத்திரை, டிக்காஷன் நிறம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அது வரைக்கும் உட்கார்ந்து பார்த்ததில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை தடவை ஒன்றுக்கு, சாயங்காலம் ஒரு தடவை மட்டுமா, எத்தனை மாசமாக டிக்காஷன் நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பஞ்சவர்ணம் பேனாவை மூடிச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். கருப்பையா ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"இத முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். கிட்னிக் கல்லில் ஒரு வகை சுண்ணாம்பு மாதிரி, எக்ஸ்ரேயில் தெரியும். இன்னொரு வகை யூரிக் ஆசிட் என்கிற உப்புப் படிந்து உண்டாவது. எக்ஸ்ரேக்கு அது கண்ணாடி மாதிரி, வெளிச்சம் ஊடுருவிப் போய்விடும், தெரியாது. டை கொடுத்தால் மட்டும் ஓட்டை மாதிரி காட்டும். கட்டியும் அப்படித்தான் காட்டும். தண்ணீர் இல்லாமல் வெயிலில் உடம்பு வற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது வகைக் கல் வரும். அதில் ஒரு நல்லது, ஒன்றுக்கில் இருக்கிற புளிப்பை மருந்தால் எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் அது தானே கரையும், கத்தியே வேண்டாம்.

"கல்தான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. மூணு வாரம் பார்ப்போம். குறையலைன்னா நானே திறந்திடுவேன்" என்றார்.

கட்டியாக இருந்தால் அந்த மூன்று வாரமும் அது வளரும். இதை அவர் சொல்லவில்லை, நானாக நினைத்தது. நினைத்ததை மூன்று வாரமும் விடவில்லை.

நாலு நாள் மருந்து கொடுத்து வலி அடங்கினதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். உப்பும் சவுக்காரமும் கலந்த மாதிரி ருசிக்கிற ஒரு மிக்ஸர் மருந்து, நாளைக்கு நாலு வேளை. தண்ணீர் மணிக்கு ஒரு செம்பு. கூடவே ஒரு கட்டு நீலத் தாள். ஒன்றுக்கில் நனைத்தால் சிவக்கக் கூடாது, சிவந்தால் புளிப்பு இருக்கிறது என்று அர்த்தம். நாளைக்கு மூன்று தடவை பார்க்கச் சொன்னதை நான் பத்துத் தடவை பார்த்தேன். தாள் தீர்ந்துபோய்க் கருப்பையாதான் மதுரைக்குப் போய் வாங்கி வந்தான்.

பஞ்சவர்ணம் என்னிடம் பேசவில்லை. சண்டை போடவில்லை, அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ரேடியோவில் மணி சொன்னால் செம்போடு வந்து நிற்பாள், முகத்தைப் பார்க்காமல் நீட்டுவாள், "குடிங்க" என்பாள். நான் குடித்து முடிக்கும்வரை நிற்பாள். கூடத்தில் போட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

கம்பெனியிலிருந்து தபால் வந்தது. ஆனி முதல் வாரத்துக்குள் வராவிட்டால் விசா ரத்து. படித்துவிட்டு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கத்திரி வெயிலில் ஓடு காய்கிற மத்தியானத்தில், செத்தாலும் அங்கே போவதில்லை என்று உறுதியாக இருக்கும். ஒரு சாயங்காலம் சிறுமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரம் மழை பெய்தது. காற்று குளிர்ந்ததும், ஒரே ஒரு வருஷம், தண்ணீரை நிறையக் குடித்துச் சமாளித்துவிட்டு வந்தால் கூரையை மாற்றிவிடலாமே என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பயமாகிவிட்டது. கல்லைப் பார்த்து வந்த பயம் வேறு. என் புத்தி எந்த ஊரில் இருந்தாலும் காற்றடிக்கிற பக்கம்தான் சாயும் என்று தெரிந்து வந்த பயம் இது.

கருப்பையா அந்த மூன்று வாரத்தில் ஒரே ஒரு தடவைதான் என் பொய்யைப் பற்றிப் பேசினான். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து இளநீரைச் சீவிக்கொண்டே கேட்டான்.

"என் பேரக் குடுக்கும்போதும் உங்களுக்குத் தெரியும்ல மச்சான்?"

"தெரியும் மாப்ள."

இளநீரை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போனான். அவன் வெளிநாட்டுக்குப் போகவில்லை என்று எழுத எனக்கு ஆசை. போனான். தங்கச்சி கல்யாணம் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு போனான். நீலத் தாளில் ஒரு கட்டை நான் அவன் பெட்டியில் வைத்தேன். முதல் கடிதத்திலேயே "வேலை கம்பி கட்டுறதுதான், வெயில் மச்சான் சொன்னதைவிடக் கூட" என்று அக்காவுக்கு எழுதிவிட்டான்.

மூன்று வாரம் முடிந்தது. மறுபடி விளக்கெண்ணெய், அதே இரும்பு மேஜை, அதே துருப்பிடித்த ருசி. இந்தத் தடவை கழுவின படம் காயாமல் ஈரமாக இருக்கும்போதே டாக்டர் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சவர்ணம் செம்பை மடியில் வைத்திருந்தாள். கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். கூப்பிட்டதும் எழுந்தேன், கால் மரத்துப் போயிருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். மூன்று வாரத்தில் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். இடது கிட்னியும் பூவாக விரிந்திருந்தது. ஓட்டை இருந்த இடத்தில் எள் அளவுக்கு ஒரு புள்ளி.

"கல்தான். கரைஞ்சிருச்சு. மிச்சமும் போயிடும்."

பஞ்சவர்ணம் படத்தைக் கையில் வாங்கி, அவர் காட்டின மாதிரியே வெளிச்சத்தில் பிடித்துத் தானும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அதே வேலைக்குப் போனால் இன்னொரு கல் நிச்சயம் என்றார் டாக்டர். போவதும் போகாததும் எங்கள் இஷ்டம், அதற்கு மருந்து தன்னிடம் இல்லை என்றார்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தாள். பஸ் வைகைப் பாலத்தைத் தாண்டியது. நான் தபாலைப் பற்றி எடுக்கலாமா என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தபாலுக்கு வரலைன்னு பதில் போட்டுருங்க" என்றாள் அவளே.

"கூரை வேல கெடக்கே."

"கெடக்கட்டும். எனக்கு இனிமே லெட்டர் வேண்டாம். எதுன்னாலும் எதிர்ல இருந்து சொல்லுங்க."

சரி என்றேன்.

"அப்பச் சொல்லுங்க. பிளேன் விட்டு எறங்குனதுல இருந்து. ஒண்ணும் விடாம."

சுற்றிலும் கூட்டம். அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் ஆரம்பித்தேன். விழுந்த அந்த ஆளின் பேரைக் கேட்டாள், சொன்னேன். எதைத் தின்றேன், எங்கே படுத்தேன், அழுதேனா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வாடிப்பட்டியில் பஸ் நின்று கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கத்தியபோது, நான் முதல் வருஷத்து ஆடி மாசத்தையே தாண்டியிருக்கவில்லை.

இறங்கினோம். நல்ல வெயில். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "ம், நடந்துகிட்டே சொல்லுங்க" என்றாள்.